மருமகளுக்கு, மாட்டுப் புழு மருந்து விஷயமாக

பெருமைக்கும் பாசத்துக்கும் உரிய என் மருமகளுக்கு, உன் மாமியார் ஆசியுடன் வரையும் மடல். இவ்விடம் நான், உன் கணவன், முப்பத்தாறு மாடுகள் எல்லோரும் சௌக்கியம். அவ்விடம் நீயும், உன் அறைத்தோழியும், ஆய்வகத்தில் நீ கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கிற புழு முட்டைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். புழு முட்டைக்கு நல்வாழ்வு வேண்டுவது முறைதானா என்று ஒரு கணம் பேனாவை நிறுத்தினேன். அவை இருக்கிறவரைக்கும்தானே உனக்கு அங்கே வேலை? ஆகவே அவற்றையும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு மாடுகள்தான் காரணம், மனசு காரணமல்ல. நீ கேட்டிருந்தது ஒரே ஒரு விஷயம். பயிற்சி முடிவதற்கு முன்பே அந்த ஆய்வகத்தில் உன்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள், இருந்துவிடட்டுமா, திரும்பி வந்துவிடட்டுமா, உங்கள் பிள்ளையைக் கேட்டால், நான் இங்கே வந்த இந்த எட்டு மாதமாக எதற்கும் சொல்கிற 'உன் இஷ்டம்'தான் வருகிறது, அத்தை நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். போனில் சாப்பிட்டீங்களா அத்தை என்று நீ கேட்டு, ஆச்சும்மா என்று நான் சொல்லி, அதற்குமேல் வார்த்தை வராமல் நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே உன் புருஷன் போனை வாங்கி, மழை பெய்தது, மாடு மேய்ந்தது என்று இரண்டு செய்தி வாசித்துவிட்டு வைத்துவிடுவான். பேனாவைப் பிடுங்க ஆளில்லை. உன் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், நீ இல்லாமல் முதல் தடவையாக நாங்கள் மாடுகளுக்குப் புழு மருந்து கொடுத்த விவரத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ இல்லாவிட்டாலும் இந்தப் பண்ணையில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

மாடுகள் இளைத்ததை முதலில் கண்டுபிடித்தது நான்தான். இறைச்சிக்கு வளர்க்கிற மாடு என்றால் தின்பதெல்லாம் சதையாக வேண்டும். நம் மாடுகள் தின்றன, தின்றுகொண்டே இருந்தன, சதை மட்டும் ஏறவில்லை. மயிர் மினுமினுப்பில்லாமல் சிலிர்த்து நின்றது. கழுத்துத் தோல், அளவு தப்பித் தைத்த கோட்டு மாதிரி தொங்கிற்று. இத்தனை வருஷம் தையல் கடை வைத்திருந்தவளுக்கு உடம்பு வற்றினதா துணி பெருத்ததா என்று தெரியாதா? சாணமும் தண்ணீராகப் போயிற்று. இளம்புல் தின்றால் அப்படித்தான் போகும் என்று உன் புருஷன் சொல்லிவிட்டான். நீ இருந்திருந்தால் சாணத்தின் முன் குந்தி உட்கார்ந்து, குச்சியால் கிளறி, யாரோ உனக்கென்று எழுதி வைத்துப் போனதைப் படிக்கிற மாதிரி படித்திருப்பாய். நானும் ஒருநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குந்திப் பார்த்தேன். எனக்கு அது சாணமாகவே இருந்தது.

பிறகு உன் புட்டிக்கு உடம்பு முடியாமல் போயிற்று. தாய் முட்டித் தள்ளிவிட்ட கன்றுக்கு நீ மடியில் தலையை வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாயே, அவளுக்குத்தான். தாடைக்கு அடியில் தண்ணீர்ப் பை கட்டிவிட்டது போல வீங்கிற்று. பயப்படாதே, இப்போது தேவலை, ஆனால் நான் வரிசையாகத்தான் சொல்லுவேன். மாட்டு டாக்டர் வந்தார். புட்டியின் கீழ் இமையை இழுத்து என்னிடம் காட்டினார். உள்பக்கம் வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பாக இருந்தது. குடலில் இருக்கிற புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது, இவளுக்கு மட்டுமில்லை, ஒரே புல்லில் மேய்கிற எல்லாவற்றுக்கும் இருக்கும், ஒரே நாளில் அத்தனைக்கும் மருந்து கொடுத்துவிடுங்கள் என்றார். எடைக்குத் தக்கபடி அளந்து கொடுக்க வேண்டுமாம். "குறைச்சு மட்டும் கொடுத்துடாதீங்கம்மா. புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கும்" என்று இரண்டு தடவை சொன்னார். மருந்தின் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி உன் புருஷன் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார்.

உன் புருஷன் அந்தச் சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனான்.

கடையில் போய்ப் பூச்சி மருந்து வேண்டும் என்று கேட்டிருக்கிறான். வீட்டில் குழந்தைக்குக் கொடுத்தாலும் பூச்சி மருந்துதான், வயலில் அடித்தாலும் பூச்சி மருந்துதான், நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது அவன் தப்பில்லை. எத்தனைக்கு என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். முப்பத்தாறுக்கு என்றிருக்கிறான். முப்பத்தாறு ஏக்கருக்குத் தேவையான சரக்கை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார் அந்தப் புண்ணியவான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு டப்பாவைப் பார்த்தால் மண்டை ஓடு படம் போட்டிருக்கிறது. இதென்னடா என்றேன். "புழு சாகணும்ல, அதுக்குப் போட்டிருப்பாங்க" என்கிறான். உன் புருஷனை எனக்குத் தெரியும். படிப்பில் குறைச்சல் இல்லை. நீ போன பிறகு எதையும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை, அவ்வளவுதான். சட்டையைத் துவைக்கும் தொட்டியிலிருந்து எடுத்தேன். தாள் கரைந்து மாவாகியிருந்தது. மறுபடி டாக்டரைக் கூப்பிட்டு, மறுபடி பெயர் கேட்டு, மறுபடி கடைக்குப் போய், சரக்கை மாற்றி வருவதற்குள் ஒரு பகல் கழிந்தது.

அடுத்து எடை. மார்பைச் சுற்றி அளந்தால் எடை சொல்லுகிற அட்டை ஒன்று டாக்டர் கொடுத்திருந்தார். அளப்பதென்றால் என்னைக் கேட்க வேண்டுமா? டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடைப்புக்குள் போய்விட்டேன். பல வருஷம் கழித்துக் கழுத்தில் டேப் விழுந்ததும் எனக்கே ஒரு நிமிர்வு வந்துவிட்டது. முதலில் நின்றது மேனேஜர். உனக்கு நினைவிருக்கும், எல்லா மாடும் தின்னும்போது தள்ளி நின்று மேற்பார்வை பார்க்குமே, அந்தக் காளை. டேப்பைச் சுற்றினேன், எட்டவில்லை. என் டேப் அறுபது அங்குலத்தோடு முடிகிறது, மேனேஜர் அதற்கப்புறமும் இருந்தார். இரண்டு டேப்பை ஊசி நூலால் ஒட்டுப்போட்டு அளந்தேன். மூச்சை விடு என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், அதுவும் என் முகத்தில் விட்டது. பாதி மாட்டை அளந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அளவைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு அங்குலம் தளர்வு சேர்த்தே உன் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் பிடிக்காமல் இருக்க வேண்டுமே என்று கை தானாகச் சேர்த்துவிடுகிறது. டாக்டரிடம் போனில் ஒத்துக்கொண்டேன். குறைந்தால்தான் ஆபத்து, இது பரவாயில்லை என்று சிரித்தார்.

மருந்து கொடுத்த நாள். முதுகில் மருந்து கேன், அதிலிருந்து குழாய், குழாய் முனையில் துப்பாக்கி மாதிரி விசை. மாட்டின் வாய் ஓரத்தில் நுழைத்து நாக்குக்குப் பின்னால் விட வேண்டும். போன தடவை வரைக்கும் நீ அதைச் செய்யும்போது நான் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு கையால் தலையை அணைத்துக்கொள்வாய், காதில் என்னவோ சொல்லுவாய், மாடு விழுங்கிவிட்டுப் போகும். அந்தக் காதில் என்ன சொல்லுவாய் என்று உன்னிடம் கேட்டு வைத்துக்கொள்ளாதது எங்கள் பிசகு. உன் புருஷனும் தலையை அணைத்தான். காதில் நகருடா என்றான். அது நகர்ந்தது, இவன் காலின்மேல். விசை இவன் பக்கம் திரும்பி ஒரு வேளை மருந்து இவன் வாயிலும் மூக்கிலும் போயிற்று. துப்பு, கொப்பளி என்று தண்ணீர்ச் செம்போடு நான் ஓடினேன். டாக்டரைக் கேட்டதற்கு, ஒன்றும் ஆகாது, சாயங்காலம் வரை மயக்கம் கியக்கம் வருகிறதா பாருங்கள் என்றார். மயக்கம் வரவில்லை. இந்த வீட்டில் புழு இல்லை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே உயிர் இப்போது உன் கணவன்தான்.

அதற்குப் பிறகு வேலை சூடுபிடித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மருந்து குடித்த மாட்டின் முதுகில் நான் தையல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவேன். மாடு அடைப்பைத் தாண்டி அந்தப் பக்கத் தொழுவத்துக்குப் போகும். நடுவில் இருக்கிற இரும்புக் கதவைச் சாத்த வேண்டும். அப்புறம் அடுத்தது. நான் ஒரு மாட்டைக் கோடு போட்டு அனுப்பிவிட்டு, "கதவைச் சாத்தும்மா" என்று குரல் கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பிவிடுவேன். இப்படியே வேலை மளமளவென்று நடந்தது. பத்துப் பன்னிரண்டு மாடு போயிருக்கும். உன் புருஷன் துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"யாரைம்மா கதவைச் சாத்தச் சொல்ற?"

நான் திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்து கிடக்கிறது. அந்திக்கு மாடு அடைக்கும்போது நான் குரல் கொடுத்ததும் சாத்துவதற்கென்று கதவின் மேல்கம்பியில் நீ ஒரு காலை மடித்து உட்கார்ந்திருப்பாயே, அங்கே ஒரு காக்கை உட்கார்ந்திருக்கிறது. மருந்து குடித்த மாடு இந்தப் பக்கமும் குடிக்காத மாடு அந்தப் பக்கமுமாக எல்லாம் உறவாடிக் கலந்து நிற்கின்றன. ஒன்றின் முதுகை ஒன்று நக்கிச் சுண்ணாம்புக் கோட்டை எல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டிருக்கின்றன. எது குடித்தது, எது குடிக்கவில்லை, கடவுளுக்கும் புழுவுக்கும்தான் வெளிச்சம்.

பழக்கதோஷம்டா என்றேன். அவன் போய்க் கதவைச் சாத்தினான். சாத்தின பிறகும் கொண்டியிலிருந்து கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். நானும் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றேன். அன்றைக்கு அதற்கப்புறம் எங்களால் வேலை செய்ய முடியவில்லை, மாடுகள் மிரண்டுவிட்டன. எழுதுவதற்காகச் சொல்லவில்லை, மாடுகள்தான் மிரண்டன.

டாக்டரிடம் சொன்னபோது அவர் நாங்கள் கொடுத்த அளவை விசாரித்தார். இந்த மருந்தை இரண்டு தடவை குடித்தாலும் பெரிய மாடுகள் தாங்கும், கொடுக்காமல் விட்டுப்போகிறதுதான் மோசம், எல்லாவற்றுக்கும் முதலிலிருந்து கொடுத்துவிடுங்கள், அந்தக் கன்றை மட்டும் நான் வந்து பார்க்கிறேன் என்றார். மறுநாள் முழுக்க அதையே மறுபடி செய்தோம். இந்தத் தடவை சுண்ணாம்புக் கட்டிக்குப் பதில் பச்சைச் சாயம். கதவை நான் என் கையாலேயே சாத்தினேன், ஒவ்வொரு தடவையும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சாத்தும்மா என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்து நின்றது. பச்சைச் சாயம் மாட்டைவிட என்மேல் அதிகம் ஒட்டியிருக்கிறது. இதை எழுதுகிற விரலைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

இப்போது புட்டிக்கு வருகிறேன். அவளுக்கு ஊசி போட்டு, சத்துத் தீவனம் எழுதிக் கொடுத்து, ரத்தம் ஊற நாளாகும், எழுந்து நடந்தாளென்றால் பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அவள் எழவில்லை. தலையைத் தரையில் வைத்துவிட்டாள். உன்னிடம் சொல்லட்டுமா என்று உன் புருஷன் போனைக் கையில் எடுத்தான். சொல்லாதே என்று நான்தான் தடுத்தேன். பரீட்சை நேரம், நீ அழுதுகொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். வந்தால் நன்றாக இருக்குமே என்றும் நினைத்தேன், அதனால்தான் இன்னும் கெட்டியாகத் தடுத்தேன். ஒரு பகல் முழுக்க நான் அவள் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. நான் மாட்டோடு பேசி வளர்ந்தவள் இல்லை, பேசினால் அளவு சரியா என்றுதான் கேட்பேன். கடைசியில் உன்னைப் பற்றியே பேசினேன். இப்போது பெரிய ஊரில் இருக்கிறாள், வெள்ளைக் கோட்டு போடுகிறாள், கோட்டின் தோள் இறங்கித்தான் இருக்கும், கடையில் வாங்கினால் அப்படித்தான், இங்கே அனுப்பினால் நான் பிடித்துத் தந்திருப்பேன், சொல்லத்தான் மாட்டாள், இப்படியே பேசினேன். தொழுவச் சுவரில் ஆணியில் தொங்குகிறதே உன் ரப்பர் பூட்ஸ், அதை எடுத்து அவள் மூக்குக்கு எதிரே வைத்தேன். ரொம்ப நேரம் மோந்தாள். அப்புறம் நக்கினாள். மருந்துதான் வேலை செய்தது என்று டாக்டர் சொல்கிறார், படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எப்படியோ மூன்றாம் நாள் காலையில் அவள் நான்கு காலில் நின்றுகொண்டிருந்தாள். கட்டிப்பிடிக்கக் குனிந்தேன். என் கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்து மெல்ல ஆரம்பித்தாள். நாற்பதாம் அங்குலம் வரை உள்ளே போய்விட்டது. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் இழுத்ததில் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டதை நான் நேரிலேயே அறிந்தேன்.

இத்தோடு விட்டதா என்றால் இல்லை. அந்த வாரமே மாட்டு வியாபாரி லாரியோடு வந்து இறங்கிவிட்டார். மேனேஜரையும் இன்னொரு காளையையும் தருகிறேன் என்று உன் புருஷன் போன மாதமே வாக்குக் கொடுத்திருக்கிறான். மருந்து கொடுத்த மாட்டை, பாட்டிலில் போட்டிருக்கிற கெடு முடிகிறவரை இறைச்சிக்கு விற்கக் கூடாது என்பதை அவன் மறந்தேவிட்டான். காளை சாய்வுப் பலகையில் ஏறிக்கொண்டிருக்கிறது, நான் அடுப்பை அப்படியே விட்டு ஓடிப்போய்ப் பலகைக்கு முன்னால் நின்றேன். மேலே லாரி, எதிரே மேனேஜர், நடுவில் நான், கையில் கரண்டி. மாடு பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, நான்கு நாளில் என்ன வந்துவிடும் என்று வியாபாரி கேட்டார். நாலு நாளில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, பாட்டிலில் போட்டிருக்கிறது, அதைத் தின்கிறவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும், விற்க மாட்டேன் என்றேன். இவ்வளவு தூரம் வண்டியை வரவழைத்துவிட்டு இப்படிச் செய்தால் எப்படி என்று அவருக்குக் கோபம். நியாயம்தான். பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து கேட்டார்.

"உங்க மருமக இல்லையாம்மா? அவங்க இருந்தா நான் கிளம்புறதுக்கு முன்னாடியே போன் பண்ணியிருப்பாங்களே."

இல்லை, வேலையாகப் போயிருக்கிறாள் என்றேன். எப்போது வருவாள் என்றார். அவருக்கென்ன, சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். உண்மையிலேயே கருகியும் இருந்தது.

ஆக, நடந்ததெல்லாம் இதுதான். நீயே பார், ஒரு மாடு சாகவில்லை, ஒரு மாட்டைத் தப்பாக விற்கவில்லை, உன் புருஷனும் உயிரோடு இருக்கிறான். நீ இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இப்போது உன் கேள்வி. இந்த இடத்துக்கு வருவதற்குத்தான் நான் மாட்டை எல்லாம் சுற்றிக்கொண்டு வந்தேன். 'வந்துவிடு' என்று ஒரு வார்த்தை எழுதினால் நீ அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையைத் தனித்தாளில் எழுதியும் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் உன் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். முதல் முதலாகப் பூதக்கண்ணாடிக்கு அடியில் புழு முட்டையை நீயாகவே கண்டுபிடித்தபோது, கை தட்டிவிட்டேன் அத்தை, மொத்த அறையும் திரும்பிப் பார்த்தது என்று. அந்த வரியை நான் அடுப்படியில் நின்று எத்தனை தடவை படித்தேனோ. உன் புருஷனுக்கும் படித்துக் காட்டினேன். இங்கே இருந்த இத்தனை வருஷத்தில் நீ சிரித்திருக்கிறாய், பாடியிருக்கிறாய், மாட்டோடு ரகசியம் பேசியிருக்கிறாய். கை தட்டி நான் பார்த்ததில்லை. தட்டுவதற்கு இங்கே ஒன்றும் இருக்கவில்லையோ என்னவோ. நாங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறோம்.

அதனால் இருந்துவிடு. அந்த வேலையை எடுத்துக்கொள். மாமியார் சொல்லிவிட்டாள், அப்புறம் பேச்சில்லை. கொஞ்ச நாள் இங்கும் அங்குமாக இருக்கட்டும், அப்புறம் உன் புருஷன் அங்கே வருவதா, நீ எப்போதெல்லாம் இங்கே வருவது என்பதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். எங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான், உன்னைப் பற்றி விசனம் எதுவும் அவனிடம் நான் பார்க்கவில்லை. நானும் அப்படியே. உன்னைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பெல்லாம் எனக்கு இல்லை, என் முழங்காலுக்கு அவ்வளவு தூரம் பஸ் ஒத்துக்கொள்ளாது, அதனால் என்னை எதிர்பார்க்காதே.

வேளைக்குச் சாப்பிடு. பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நடுநடுவே ஜன்னலுக்கு வெளியே தூரமாகப் பார். கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடு, நீ தொடுகிற பொருள் அப்படி. நீ நினைத்ததெல்லாம் கைகூடி, குறைவில்லாமல் வாழ வேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிற,

உன் அத்தை.

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் டாக்டர் வந்தார். மருந்து கொடுத்து இரண்டு வாரமாகிறது, புழு ஒழிந்ததா, மருந்துக்குப் பழகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் பத்து மாட்டின் சாணத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். எந்த ஆய்வகம் என்று கேட்டேன். உன்னுடையது. சாணம் சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது, ஒரு நாளைக்குள் போய்ச் சேர வேண்டுமாம். பார்சல் அலுவலகத்தில் உள்ளே என்ன பொருள் என்று கேட்டார்கள், உண்மையைச் சொன்னேன், வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே யாராவது கையோடு கொண்டுவர வேண்டும், வீட்டில் ஒருவர் மாட்டுக்குக் காவலிருக்க வேண்டும். நான் ராத்திரியே என் பையில் ஒரு வாரத்துக்குத் துணி எடுத்து வைத்துவிட்டேன். உன் கோட்டுக்குத் தோள் பிடிக்க ஊசி நூலும் வைத்தேன். காலையில் சாணப் பெட்டியை எடுக்கப் போனால், உன் புருஷன் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். சவரம் செய்திருக்கிறான். தலை வாரியிருக்கிறான். நீ பிடிக்கும் என்று சொன்ன நீலச் சட்டையைப் போட்டிருக்கிறான்.

உன் முழங்காலுக்கு பஸ் ஆகாதும்மா, நான் போகிறேன் என்றான். என் முழங்காலைப் பற்றி நீ கவலைப்படாதே, பெட்டியைக் கொடு என்றேன். அவன் ஒரு கைப்பிடியையும் நான் ஒரு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நின்றோம். பத்து மாட்டுச் சாணத்துக்குத் தாயும் பிள்ளையும் இப்படி மல்லுக்கட்டியதை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள். "சாணி கொடுக்கப் போறதுக்குச் சவரம் எதுக்குடா?" என்றேன். அவன் பெட்டியின் மூடியை அழுத்தி அழுத்திச் சரிபார்த்தான்.

"அவளைப் பார்க்கணும்மா. எனக்கு முடியல."

கையை எடுத்துவிட்டேன். எட்டு மாதமாக இந்த வாயிலிருந்து 'உன் இஷ்டம்' தவிர எதுவும் வரவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதனால் சொல்லுகிறேன், வந்தது, நான் கேட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவன் எதிரே படிக்காதே. வேலையைப் பற்றி மேலே எழுதியது மட்டும் நிஜம், அதில் மாற்றமில்லை. நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துக்கொள். எனக்கு நீ இல்லாமல் ஒரு கதவும் சாத்தத் தெரியவில்லை. அவனைச் சீக்கிரம் அனுப்ப வேண்டாம். மாட்டை நான் பார்த்துக்கொள்வேன்.

இன்னொன்று. ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் ஒரு தடவை சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவனிடம் இப்போதே கண்டிப்பாகச் சொல்லி வை. அந்தச் சாணம் என்னுடையது.